குற்றவியல் சட்டப் பாடத்துக்கு இணையத்தைக் கொண்டு ஆயத்தமாவது எப்படி?

கேள்வி: மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். அடுத்த பருவத்தில் குற்றவியல் சட்டம் தொடங்குகிறது. அதற்கு இரண்டு மாத இடைவெளி இருக்கிறது. பள்ளிப்படிப்பும் பட்டப்படிப்பும் தமிழ் வழியில் முடித்தவள் நான். டெலிகிராம் குழுக்களில் கிடைத்த பிடிஎஃப் குறிப்புகளும் யூடியூப் வகுப்புகளும் கைபேசி நிறைய இருக்கின்றன. ஒன்றில் கொலைக்கு 302 என்கிறார்கள், இன்னொன்றில் 103 என்கிறார்கள்; எதைப் படிப்பது என்று தெரியவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுப் படிக்கலாமா? பணம் கட்டி இணைய வகுப்பில் சேர்வது அவசியமா? (பெயர் வெளியிட விரும்பாத மாணவி)

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

கீழமை நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளை நடத்திக்கொண்டு, சட்ட மாணவர்களுக்கும் பாடம் எடுத்து வருகிறவன் என்ற முறையில் உங்கள் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். நீங்கள் குழப்பம் என்று குறிப்பிட்டிருப்பதுதான் இன்று இந்தப் பாடத்தைத் தொடங்குகிற ஒவ்வொருவரும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய செய்தி என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

302, 103 என்ற இரண்டு எண்களுமே சரியானவை. எது எப்போது பொருந்தும் என்பதைக் குற்றம் நடந்த தேதி முடிவு செய்கிறது. 1860ஆம் ஆண்டின் 45ஆவது சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்தது. அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 45ஆவது சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ நடந்த கொலைக்குத் தண்டனை புதிய சட்டத்தின் 103ஆவது பிரிவின்கீழ் வரும். அதற்கு முந்தைய நாள் நடந்த கொலை இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து விசாரணைக்கு வந்தாலும், அது பழைய சட்டத்தின் 302ஆவது பிரிவின்கீழ்தான் விசாரிக்கப்படும். புதிய சட்டத்தின் 358ஆவது பிரிவு பழைய சட்டத்தை நீக்கும்போதே இந்தப் பாதுகாப்பையும் செய்து வைத்திருக்கிறது. குற்றம் நடந்தபோது நடைமுறையில் இருந்த சட்டத்தை மீறியதற்காக மட்டுமே ஒருவரைத் தண்டிக்கலாம், அப்போது விதித்திருக்கக்கூடியதைவிடக் கூடுதலான தண்டனையை விதிக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 20(1) உறுப்பும் சொல்கிறது. ஆகவே, நீங்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு நீதிமன்றத்துக்கு வரும் காலத்திலும் இரண்டு சட்டங்களும் மேசையில் இருக்கும். தேர்வுக்கு எதை எழுத வேண்டும் என்பதை உங்கள் கல்லூரியின் நடப்புப் பாடத்திட்டத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சீனியர்கள் கொடுக்கும் பழைய வினாத்தாளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

இணையத்தில் படிக்கிறவருக்கு இந்த மாற்றம் ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்றால், அங்கே குவிந்திருக்கும் குறிப்புகளில் பெரும்பகுதி பழைய சட்டத்தை வைத்து எழுதப்பட்டது. புதிய சட்டம் வந்த பிறகு அவற்றுள் பலவற்றில் தலைப்பை மட்டும் மாற்றி உள்ளடக்கத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். எண்களோ இரண்டு சட்டங்களிலும் ஒன்றாக இருந்துகொண்டு வெவ்வேறு குற்றங்களைக் குறிக்கின்றன. பழைய சட்டத்தில் 302 கொலைக்கான தண்டனை. புதிய சட்டத்தின் 302 பிறருடைய மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதைப் பற்றியது. பழைய 304 கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கான தண்டனை. புதிய 304 பறிப்பு, அதாவது சங்கிலிப் பறிப்பு போன்ற செயல். பழைய 306 தற்கொலைக்கு உடந்தையாக இருத்தல், 307 கொலை முயற்சி. புதிய சட்டத்தில் அதே எண்கள் இரண்டும் திருட்டின் வகைகளைக் குறிக்கின்றன. பழைய சட்டத்தில் 511 பிரிவுகள் இருந்தன. புதியதில் 358தான் என்பதால், 420 என்ற எண்ணே அதில் கிடையாது. எனவே எந்தக் குறிப்பை, எந்தக் காணொளியைத் திறந்தாலும், அது எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறது, எப்போது ஆக்கப்பட்டது என்ற இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள். இரண்டும் தெரியாத குறிப்பைச் சேமித்து வைக்கவே வேண்டாம்.

பழைய பிரிவையும் புதிய பிரிவையும் அருகருகே காட்டும் ஒப்பீட்டு அட்டவணைகள் உதவும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்டிருக்கும் சங்கலன் என்ற செயலியில் பழைய, புதிய சட்டங்களும் ஒப்பீடும் இலவசமாகக் கிடைக்கின்றன. காவல்துறை ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகமும் ஒப்பீட்டு அட்டவணைகளை வெளியிட்டிருக்கிறது. ஆனால் அட்டவணையில் இரண்டு எண்கள் ஒரே வரியில் இருப்பதால் இரண்டு பிரிவுகளும் ஒன்றே என்று கொண்டுவிடக் கூடாது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கான பழைய 304ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை; அதற்கு ஈடாகக் காட்டப்படும் 106(1) பிரிவில் அது ஐந்து ஆண்டு. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்யும் கவனக்குறைவுக்கு மட்டும் இரண்டு ஆண்டு என்ற வரம்பு தொடர்கிறது. திருட்டைப் பற்றிய 303ஆவது பிரிவில், பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழ் இருந்து, முதல் முறையாகத் தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால் சமூக சேவையே தண்டனை என்ற புதிய ஏற்பாடு வந்திருக்கிறது. ராஜத்துரோகம் பற்றிய பழைய 124ஏ பிரிவுக்கு நேரே, நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து விளைவிக்கும் செயல்களைப் பற்றிய 152ஐ எழுதியிருப்பார்கள். இரண்டின் வாசகங்களையும் படித்தால் அவை வெவ்வேறு கூறுகளைக் கொண்டவை என்று விளங்கும். பழைய 377 (இயற்கைக்கு மாறான பாலுறவு), 497 (பிறன்மனை சேர்தல்) ஆகியவற்றுக்குப் புதிய சட்டத்தில் இணைப் பிரிவே இல்லை. ஐந்து பேருக்குக் குறையாத கும்பல் இனம், சாதி, மொழி போன்ற காரணத்துக்காகச் செய்யும் கொலை 103(2) ஆகவும், திட்டமிட்ட குற்றம் 111 ஆகவும், பயங்கரவாதச் செயல் 113 ஆகவும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன.

காலம் தெரியாத காணொளியால் வரும் தவறுக்கு ஒரு நல்ல உதாரணம் 106(2). விபத்தில் உயிரிழப்பு ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்பிச் செல்லும் ஓட்டுநருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்ற அந்த உட்பிரிவுக்கு எதிராக 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் போராடினார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தை நடைமுறைப்படுத்திய அறிவிப்பில் அந்த ஓர் உட்பிரிவு மட்டும் விலக்கி வைக்கப்பட்டது. சட்டம் நிறைவேறிய உடனே, 2024இன் தொடக்கத்தில் அவசரமாகப் பதிவேற்றப்பட்ட பாடங்கள் அதை நடைமுறையில் உள்ள சட்டமாகவே கற்பிக்கின்றன. சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறுவது வேறு, குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெறுவது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு என்ற அடிப்படையை இந்த ஒரு பிரிவைக் கொண்டே நீங்கள் பழகிக்கொள்ளலாம்.

இனி, எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்பதற்கு வருகிறேன். உங்கள் கைபேசியில் இருக்கும் அத்தனை குறிப்புகளையும் ஒரு மாதத்துக்கு மூடி வைத்துவிட்டு, சட்டத்தின் மூல வாசகத்தை, நாங்கள் பேர் ஆக்ட் என்று சொல்லும் அந்தச் சிறிய புத்தகத்தைத் திறக்கச் சொல்வேன். மத்திய அரசின் இந்தியா கோடு இணையதளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. திருத்தங்களைச் சரிபார்க்க இணையப் பதிப்பை வைத்துக்கொண்டு, படிப்பதற்கும் ஓரத்தில் குறித்துக்கொள்வதற்கும் ஓர் அச்சுப் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பாடத்துக்காக நீங்கள் கட்டாயம் செலவழிக்க வேண்டிய பணம் அது ஒன்றுதான். ஒரு பிரிவின் விளக்கம் ஒரு பக்கத்திலும் விதிவிலக்கு அடுத்த பக்கத்திலும் இருக்கும்போது, கைபேசித் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே படித்தால் அவற்றின் தொடர்பு மனத்தில் தங்குவதில்லை.

முதல் பிரிவிலிருந்து வரிசையாகப் படிக்க முயன்றால் இரண்டாம் பிரிவில் அகர வரிசையில் அடுக்கியிருக்கும் சொல்விளக்கங்களிலேயே சலிப்பு வந்துவிடும். மூன்றாம் அத்தியாயமான பொது விதிவிலக்குகளிலிருந்து, அதாவது 14 முதல் 44 வரையுள்ள பிரிவுகளிலிருந்து தொடங்குங்கள். பொருண்மைப் பிழை, ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் செயல், மனநலக் குறைபாடு, விருப்பமின்றி ஏற்றப்பட்ட போதை, தற்காப்புரிமை ஆகிய எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒரு செயலைக் குற்றமாக்குவது எது என்பதை, எந்தச் சூழ்நிலையில் அது குற்றமாகாது என்பதிலிருந்து கற்றுக்கொள்வது எளிது. அதற்கடுத்த நான்காம் அத்தியாயத்தில் உடந்தை, குற்றச்சதி, முயற்சி மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. பழைய சட்டத்தில் முயற்சி பற்றிய பொதுப் பிரிவு கடைசி எண்ணான 511இல் தனியே கிடந்தது. இப்போது அது 62ஆவது பிரிவாகச் சதிக்கு அருகிலேயே வந்திருப்பது மாணவர்களுக்கு நன்மை என்றே கருதுகிறேன். அதன்பின் 100 முதல் 106 வரை, உயிரிழப்பு பற்றிய பிரிவுகள். இவை முடிந்தால் 303இலிருந்து திருட்டு, பறிப்பு, மிரட்டிப் பறித்தல், கொள்ளை. இரண்டு மாதத்துக்கு இவ்வளவு போதும்.

பிரிவுகளுக்குக் கீழே இருக்கும் எடுத்துக்காட்டுகளைத் தாண்டிச் செல்லாதீர்கள். மெக்காலே தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1837இல் தயாரித்த வரைவிலேயே தொடங்கிய இந்த முறையைப் புதிய சட்டமும் கைவிடவில்லை. 100ஆவது பிரிவின் கீழ் மூன்று எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. அவற்றில் கடைசி இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில், புதருக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பது தெரிந்த ஒருவர், அது தெரியாத இன்னொருவரைப் புதரை நோக்கிச் சுடத் தூண்டுகிறார்; ஆள் இறந்துவிடுகிறார். அடுத்ததில், ஒருவர் கோழியைச் சுட்டுத் திருடும் எண்ணத்தில் சுடுகிறார். புதருக்குப் பின்னால் இருந்த ஆள் இறந்துவிடுகிறார், அங்கே ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. முடிவு எழுதப்பட்ட கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, யார் மீது எந்தக் குற்றம் நிற்கும், ஏன் என்று ஒரு தாளில் நீங்களே எழுதுங்கள். பிறகு கையை எடுத்துப் பாருங்கள். முதல் நிகழ்வில் சுட்டவர் தப்பித்துத் தூண்டியவர் சிக்குவதும், இரண்டாவதில் கோழியைத் திருட வந்தவர்கூட மரணம் விளைவித்த குற்றத்துக்கு உள்ளாகாததும் ஏன் என்று விளங்கிவிட்டால், குற்றமனம் என்ற தலைப்பில் உள்ள நீண்ட குறிப்புகளின் சாரம் உங்களிடம் வந்துவிடும். எந்தக் கட்டண வகுப்பும் இதைவிடச் சிறந்த பயிற்சியைத் தர முடியாது என்று உறுதியாகச் சொல்வேன்.

தமிழ் வழியில் படித்ததைக் குறை போல எழுதியிருக்கிறீர்கள். கருத்தைத் தமிழில் புரிந்துகொள்வதில் எந்த இழப்பும் இல்லை. தமிழில் நடத்தப்படும் நல்ல காணொளி வகுப்புகளைத் தயங்காமல் கேளுங்கள். ஆனால் 100, 101 ஆகிய இரண்டு பிரிவுகளை மட்டுமாவது ஆங்கில வாசகத்தில் சொல்லுக்குச் சொல் படித்து மனப்பாடம் செய்யுங்கள். மரணம் விளைவிக்கும் எண்ணம், மரணம் விளைவிக்கக்கூடிய காயத்தை உண்டாக்கும் எண்ணம், மரணம் விளையக்கூடும் என்ற அறிவு, இயற்கையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமான காயம் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு சொல் மாறுகிறது. அந்த ஒரு சொல்லில்தான் ஆயுள் தண்டனைக்கும் பத்தாண்டுச் சிறைக்கும் உள்ள இடைவெளி தங்கியிருக்கிறது. உயர்நீதிமன்றத்திலும் உச்சநீதிமன்றத்திலும் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்படுவதால், வாதங்களும் அந்தச் சொற்களைச் சுற்றியே நடக்கின்றன. உச்சநீதிமன்றத்தின் தீர்ப்புகள் பல அதன் இணையதளத்தில் தமிழ் மொழிபெயர்ப்பிலும் கிடைக்கின்றன. சட்டப்படி ஆங்கில மூலமே செல்லுபடியாகும் என்றாலும், இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது உங்களைப் போன்றவர்களுக்கு மிகுந்த பயன் தரும்.

அடுத்தது தீர்ப்புகள். இணையம் சட்ட மாணவருக்குச் செய்திருக்கும் மிகப் பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு தீர்ப்புத் தொகுதிகளைப் பார்க்கக் கல்லூரி நூலகத்திலோ மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்திலோ இடம் கிடைத்தாக வேண்டும். இன்று உச்சநீதிமன்றத்தின் டிஜிட்டல் எஸ்சிஆர் தளத்தில் 1950 முதலான அதிகாரபூர்வத் தொகுதிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இந்தியன் கானூன் தளத்தில் உயர்நீதிமன்றத் தீர்ப்புகளையும் தேடலாம். ஒரு தீர்ப்பு எவற்றை மேற்கோள் காட்டுகிறது, அதைப் பின்னர் எந்தத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டின என்பதையும் அது காட்டும். தேடும்போது பழைய பிரிவு எண்களையும் பயன்படுத்துங்கள். கொலை என்பது எது என்று வரையறுக்கும் புதிய 101ஆவது பிரிவு பழைய 300ஆவது பிரிவின் வாசகத்தை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டு, 'முதலாவதாக, இரண்டாவதாக' என்றிருந்தவற்றை ஏ, பி, சி, டி என்று மாற்றியிருக்கிறது. ஆகவே பழைய 300ஐப் பற்றிய தீர்ப்புகள் இன்றும் வழிகாட்டுகின்றன. விர்சா சிங் வழக்கில் 1958இல் உச்சநீதிமன்றம் 'மூன்றாவதாக' என்ற உட்கூறுக்குத் தந்த விளக்கம், இன்று சி உட்கூறுக்குப் பொருந்துகிறது.

எப்படிப் படிப்பது என்பதைக் காட்ட, நம் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஒரு பழைய தீர்ப்பை எடுத்துக்கொள்கிறேன். 1919இல் முழு அமர்வு தீர்த்த பழனிக் கவுண்டன் வழக்கு அது. கணவன் மனைவியைக் கலப்பைக் கொழுவால் அடிக்கிறான். அவள் மயங்கி விழுகிறாள். இறந்துவிட்டாள் என்று நம்பிய அவன், தற்கொலை போலத் தோன்றுவதற்காக அவளைக் கயிற்றில் கட்டி விட்டத்தில் தொங்க விடுகிறான். அவள் உண்மையில் இறந்தது தூக்கினால்தான் என்று மருத்துவச் சான்று சொல்கிறது. இதில் கொலைக்குற்றம் நிற்காது, கொலையாகாத மரணம் விளைவித்தலும் நிற்காது, கொடுங்காயம் விளைவித்ததற்கே அவன் பொறுப்பு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. குறிப்புகளில் இந்த வழக்குக்கு ஒரு வரிதான் ஒதுக்குவார்கள்: 'இறந்துவிட்டதாக நம்பிச் செய்தால் கொலை இல்லை.' அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குப் போகிறவர் தவறாக எழுதுவது உறுதி.

ஏனென்றால், அதே நீதிமன்றத்தில் பின்னர் வந்த காளியப்பக் கவுண்டன் வழக்கிலும் (1933), தவமணி வழக்கிலும் (1943) குற்றவாளிகள் அதைப் போலவே ஆள் இறந்துவிட்டதாக நம்பி அடுத்த செயலைச் செய்தார்கள். முன்னதில் உடல் என்று நினைத்ததை ரயில் தண்டவாளத்தில் கிடத்தினார்கள். பின்னதில் கிணற்றில் போட்டார்கள். இரண்டு வழக்குகளிலும் கொலைக்குற்றம் உறுதியானது. மூன்று தீர்ப்புகளையும் முழுமையாகப் படித்தால்தான் வேறுபாடு விளங்கும். பின்னிரண்டு வழக்குகளிலும் முதல் தாக்குதலிலேயே கொல்லும் எண்ணம் இருந்தது. தாக்குவதும் உடலை மறைப்பதும் ஒரே திட்டத்தின் பகுதிகளாக, பிரிக்க முடியாத ஒரே நிகழ்ச்சித் தொடராக இருந்தன. பழனிக் கவுண்டனோ அடித்தபோது கொல்ல எண்ணவில்லை என்று நீதிமன்றம் கண்டது. தொங்கவிட்டபோது அவன் எண்ணத்தில் உயிருள்ள மனிதரே இல்லை. ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி, 'இறந்துவிட்டதாக நம்பினாரா' என்பதோடு நிற்பதில்லை. 'முதல் செயலின்போது என்ன எண்ணம் இருந்தது, இரண்டாம் செயல் அதனோடு எப்படித் தொடர்புற்றது' என்று அது விரிகிறது. தேர்வில் வரும் சூழல் வினாக்கள் இந்த இடத்தில்தான் உங்களைச் சோதிக்கும். பிற்காலத்தில் நீதிமன்றத்தில் ஒரு மனிதரின் விடுதலையும் இதே இடத்தில் தொங்கும்.

எனவே, கிடைத்த தீர்ப்புகளையெல்லாம் சேமிப்பதைவிட, இந்த இரண்டு மாதத்தில் எட்டோ பத்தோ தீர்ப்புகளை முழுமையாகப் படிப்பதே பயன் தரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன நடந்தது, கீழ் நீதிமன்றம் என்ன சொன்னது, எந்தப் பிரிவின் எந்தச் சொல்லைப் பற்றி வாதம் எழுந்தது, நீதிமன்றம் எந்தக் காரணத்தால் அந்த முடிவுக்கு வந்தது என்று உங்கள் சொந்தச் சொற்களில், தமிழிலேயே எழுதுங்கள். நீதிபதி மேற்கோளாக எடுத்துக்காட்டும் பகுதியையும், மறுப்பதற்காகச் சொல்லும் வாதத்தையும் அவருடைய முடிவாக எண்ணிவிடுவது தொடக்கத்தில் எல்லோருக்கும் நேரும் தவறு. 'வழக்கறிஞர் வாதிட்டார்' என்பதற்கும் 'நாங்கள் கருதுகிறோம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் கண் வையுங்கள். மேலே சொன்ன மூன்றோடு, விர்சா சிங், மரணம் விளைவிக்கும் குற்றத்தை வரையறுக்கும் பழைய 299க்கும் கொலையை வரையறுக்கும் 300க்கும் உள்ள வேறுபாட்டைப் படிப்படியாக விளக்கும் ராயவரப்பு புன்னையா (1976), தமிழ்நாட்டிலிருந்து உச்சநீதிமன்றத்துக்குச் சென்ற அன்பழகன் (2023), திடீர்ச் சினமூட்டல் பற்றிய நானாவதி (1961) ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நானாவதி வழக்கைப் பற்றி இணையத்தில் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் கடற்படை அதிகாரியின் குடும்பக் கதைதான் இருக்கும். மனைவி உண்மையைச் சொன்ன நேரத்துக்கும் துப்பாக்கிச் சூடு நடந்த நேரத்துக்கும் இடையே, மனம் தன் கட்டுப்பாட்டுக்குத் திரும்பப் போதுமான அவகாசம் இருந்தது என்ற காரணத்தைத் தீர்ப்பில்தான் நீங்கள் பார்க்க முடியும்.

இவ்வளவுக்குப் பிறகு, இரண்டாம் மாதத்தில், மூடி வைத்த குறிப்புகளையும் காணொளிகளையும் திறக்கலாம். ஒரு பிரிவைப் படித்து, எடுத்துக்காட்டைச் செய்துபார்த்து, எங்கே தடுக்கியது என்று தெரிந்த பிறகு கேட்கும் அரைமணி நேர வகுப்பு, ஒன்றும் படிக்காமல் கேட்கும் பத்து வகுப்புகளைவிட மேலானது. அரசின் ஸ்வயம் தளத்திலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் இ-பிஜி பாடசாலையிலும் பேராசிரியர்கள் தயாரித்த சட்டப் பாடங்கள் உள்ளன. அவற்றிலும் பல புதிய சட்டத்துக்கு முன்பு ஆக்கப்பட்டவை என்பதை மறக்க வேண்டாம். கோட்பாடுகளுக்கு அவை நன்றாகப் பயன்படும், பிரிவு எண்களை மட்டும் நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். யூடியூபில் யாரைக் கேட்கலாம் என்பதை நீங்களே அளந்துவிடலாம்: நீங்கள் ஏற்கனவே முழுமையாகப் படித்த ஒரு வழக்கை அவர் எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். பழனிக் கவுண்டனில் நிகழ்ச்சிகளையே மாற்றிச் சொல்கிறவரிடம் மற்ற வழக்குகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. டெலிகிராமில் சுற்றும் பாடநூல்களின் நகல்கள் பெரும்பாலும் அனுமதியின்றி எடுக்கப்பட்டவை, பழைய பதிப்புகள். சட்டம் படிக்கிறவர் அவற்றைத் தவிர்ப்பதே முறை.

பிணையில் விடத்தக்க குற்றமா, பிடியாணையின்றிக் கைது செய்யலாமா என்ற செய்திகளைப் பல வகுப்புகளில் தண்டனைச் சட்டத்தோடு கலந்து சொல்வார்கள். அவை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணையில் உள்ளவை. 531 பிரிவுகள் கொண்ட அந்தச் சட்டத்தையும், சாட்சியச் சட்டத்தையும் இப்போதே தொட வேண்டாம். உரிய பருவத்தில் வரும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடினமான ஆங்கில வாக்கியத்தை எளிமையாக்கித் தரவும், நீங்கள் எழுதிய விடையில் தர்க்கம் எங்கே விட்டுப்போகிறது என்று கேட்கவும், பயிற்சிக்கு ஒரு சூழல் வினாவை உருவாக்கவும் அவற்றைப் பயன்படுத்தலாம். பிரிவு எண்ணையோ வழக்கின் பெயரையோ அவற்றிடம் கேட்டுப் பெற்று அப்படியே எழுதிவிடாதீர்கள். இல்லாத வழக்கை இருப்பது போலத் தேதியோடும் நீதிபதி பெயரோடும் அவை எழுதித் தந்துவிடும். 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இப்படிப் பெற்ற பொய்யான தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு ஐயாயிரம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நம் சட்டங்களில் பழைய எண்ணும் புதிய எண்ணும் கலந்து கிடக்கும் இந்தக் காலத்தில், இந்த ஆபத்து இன்னும் கூடுதல். செயலி ஒரு வழக்கைச் சொன்னால், டிஜிட்டல் எஸ்சிஆரிலோ இந்தியன் கானூனிலோ அதைத் திறந்து கண்ணால் பார்க்கும் வரை அந்த வழக்கு உங்களைப் பொறுத்தவரை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டண வகுப்பைப் பொறுத்தவரை, கல்லூரிப் பாடத்துக்காக நீங்கள் அதில் சேரத் தேவையில்லை என்பதே என் கருத்து. பின்னாளில் உரிமையியல் நீதிபதித் தேர்வு போன்ற போட்டித் தேர்வுகளுக்கு ஆயத்தமாகும்போது, கால அட்டவணையும் மாதிரித் தேர்வுகளும் தேவைப்பட்டால் அதைப் பற்றி யோசிக்கலாம். இப்போது அந்தப் பணத்தில் பேர் ஆக்ட் வாங்கியது போக மீதியை வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது எழும் ஐயங்களை, பிரிவு எண்ணோடும் தீர்ப்பின் பத்தி எண்ணோடும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்து, பருவம் தொடங்கியதும் உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். அப்படிக் குறித்துக்கொண்டு வரும் மாணவருக்கு வகுப்பு முடிந்த பிறகும் நின்று விளக்க, பாடம் நடத்துகிற யாரும் மறுக்க மாட்டார்கள்.